விரும்பிக் கேட்டவர்

டிஸ்கோ யசோதாவுக்கு அறுபத்திரண்டு வயது என்பது ஆதார் அட்டையின் கட்சி. அவள் அதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. பெங்களூரு மர்பி டவுனில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "டிஸ்கோக்கா வூடா?" என்று கை நீட்டி வழி காட்டுவார்கள். எண்பதுகளின் கடைசியில் அவள் மூன்று கேசட் போட்டாள். அல்சூரிலிருந்து நீலசந்திரா வரைக்கும் அந்த மூன்றும் இல்லாமல் ஒரு கல்யாண ஊர்வலம் நகர்ந்ததில்லை. அப்புறம் கேசட் போனது, சிடி வந்து அதுவும் போனது, யசோதா பேரப்பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் எவளோ ஒரு பெண் ஜிம்மில் யசோதாவின் பழைய பாட்டுக்கு ஆடிப் போனில் போட்டாள். அவ்வளவுதான், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இசைக் கம்பெனி ஆரம்பித்திருந்த ஸ்ரீஹர்ஷா ஸ்வீட் பாக்ஸோடு வாசலில் வந்து நின்றான். ஐந்து பாட்டு, ஐந்தும் ஆட்டப் பாட்டு, ஆல்பத்துக்குப் பெயர் 'மறுபடியும் டிஸ்கோ' என்றான்.

"எனக்கு வயசானது முட்டிக்குத்தான்பா, தொண்டைக்கு இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் யசோதா.

அந்த வாய்க்குத்தான் இப்போது இந்திராநகர் ஸ்டூடியோவில் மூன்றாவது நாளாக வேட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மைக்கும் அவளும் மட்டும். காதில் மாட்டிய ஹெட்போனில் டிக் டிக் என்று தாளக் கணக்கு. வெளியே சவுண்ட் என்ஜினியர் மஞ்சுநாத், பக்கத்தில் ஸ்ரீஹர்ஷா, மூலையில் இருந்த சோபாவில் ரக்ஷா.

ரக்ஷாதான் டிராக் பாடுகிறவள். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மாதிரிக்காக ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி வைப்பாள். பெரிய பாடகி வந்து பாடியதும் அவளுடைய குரலை அழித்துவிடுவார்கள். லிங்கராஜபுரத்துப் பெண். இருபத்து நாலு வயதுக்குள் இப்படி அறுபது பாட்டுப் பாடி அறுபதும் அழிந்திருந்தது.

"சில்க் போர்டு சிக்னலு சிவப்பு மாறலே, சும்மா நின்ன காலு ரெண்டும் சொன்னது கேக்கலே" என்று யசோதா எடுத்தாள். சுருதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாட்டு பாட்டாக இல்லை, ரேஷன் கடையில் கார்டு நம்பர் படிப்பது போல் இருந்தது. அது அவளுக்கே தெரிந்ததுதான் கொடுமை.

"மேடம், ஸ்வல்ப லேட் ஆகுது. காதுல கேக்கற கிளிக் கூட வாங்க" என்றான் மஞ்சுநாத்.

"அந்த டிக் டிக்கை நிறுத்துப்பா முதல்ல, ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்கு."

ஆறாவது தடவையும் வழுக்கியதும் ஸ்ரீஹர்ஷா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். நல்ல பையன்தான். கெட்ட செய்தியைக்கூடத் தண்ணீர் பாட்டிலோடுதான் கொண்டுவருவான்.

"மேடம், நாளைக்குக் காலையில வீடியோ ஷூட்டிங். அஞ்சு மணிக்குள்ள பாட்டு ஓகே ஆகலைன்னா, ரக்ஷா பாடின டிராக்கையே வெச்சுக்கறோம். நீங்க வீடியோல வாங்க, கவர்ல உங்க போட்டோதான். யாருக்கும் தெரியாது."

யசோதாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. "எனக்குத் தெரியுமேப்பா" என்றாள். மணி மூன்றே முக்கால்.

டீ குடிக்க மாடிப்படிக்குப் போனாள். கீழ்த் திருப்பத்தில் ரக்ஷா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தத் தடவை என் வாய்ஸே வரலாம்மா. கன்ஃபர்ம் இல்ல, அக்கம்பக்கத்துல சொல்லித் தொலைக்காதே." குரலை அடக்கித்தான் பேசினாள், சந்தோஷம் அடங்கவில்லை.

யசோதா டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடச்சீ, எவளாவது திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் போட்டிக்கு நிற்பதில் ஒரு ருசியாவது இருந்திருக்கும். இது வாய் செத்த பெண். அவள் கனவு பலிக்க வேண்டுமானால் நான் தோற்க வேண்டும், நான் ஜெயித்தால் அவளுக்கு அறுபத்தொன்றாவது அழிப்பு. என்ன பிழைப்புடா இது என்று யசோதாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. முப்பது வருஷம் காத்திருந்து கிடைத்த மைக் அது.

உள்ளே வந்து நின்றவள் மஞ்சுநாத்தைப் பார்த்தாள். "யப்பா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்குக் காலைப் பார்க்காம பாட வராது."

"யார் கால் மேடம்?"

"ஆடறவங்க கால்தான். மேடையில நான் எவன் தாளத்துக்கும் பாடினதில்ல. முன் வரிசையில எவனாவது எழுந்து ஆடுவான் பாரு, அவன் காலைப் பிடிச்சுக்கினுதான் பாட்டு ஓடும். இங்க எல்லாம் உக்காந்துக்கினு இருக்கீங்க, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி."

ஸ்ரீஹர்ஷாவும் மஞ்சுநாத்தும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் மஞ்சுநாத் எழுந்தான். தொண்ணூறு கிலோ உடம்பு, வெட்கத்தில் காது வரை சிவந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பஸ்ஸில் நெரிசலில் மாட்டியவன் இறங்க வழி தேடுவது போல இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை அசைந்தான். யசோதா முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள். அடுத்து ஸ்ரீஹர்ஷா ஆடினான். அவன் ஆட்டத்துக்கும் அடித்துக்கொண்டிருந்த தாளத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

மணி நாலரை. ரக்ஷாவைக் கேட்கலாம். ஆனால் அவளைக் கேட்க மட்டும் யசோதாவுக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தாள்.

ரக்ஷா தானாகவே எழுந்தாள். செருப்பைக் கழற்றிச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள்.

யசோதா மைக் பக்கம் குனிந்தாள். "ஆடினா உனக்குத்தான்டி நஷ்டம்."

"தெரியும்க்கா" என்றாள் ரக்ஷா. "மூணு நாளா உக்காந்து கேக்கறேன். நீங்க தப்பாப் பாடும்போதே என் காலு நிக்கல. சரியாப் பாடினா எப்படி இருக்கும்னு பார்த்துடறேனே."

மஞ்சுநாத் பாட்டை ஓட்டினான். ரக்ஷாவின் குதிகால் மரத்தரையில் முதல் தட்டுத் தட்டியதும் யசோதா ஹெட்போனை ஒரு காதிலிருந்து இழுத்து விட்டுக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெண் ஆடினாள்! அது சினிமா ஆட்டம் இல்லை. ஊர்வலத்தில் வேனுக்கு முன்னால் ஆடுவார்களே, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த ஆட்டம். யசோதாவின் முட்டியே வலியை மறந்தது. சில்க் போர்டு சிக்னல் வந்தது, சிவப்பு வந்தது, கால் சொன்னது கேட்காமல் போனது. குரல் பழைய குரல் இல்லை. அடியில் கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. அந்தக் கரகரப்பும் சேர்ந்து ஆடியது.

முதல் இடையிசை வந்தது. இங்கேதான் யசோதாவின் பழக்கம் புத்தியைக் காட்டியது.

அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராவில் ஒரு முறை உண்டு. கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். பாட்டின் பெயரும் கேட்டவர் பெயரும் ஊரும் அதில் இருக்கும். இடையிசை ஓடும்போது பாடகி அதைப் படித்தே ஆக வேண்டும். ஒரு தடவை நீலசந்திராவில் ஒரு பெயரை விட்டுவிட்டாள். அந்த ஆள் மேடையேறி மைக்குக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பெயரைச் சொன்னால்தான் எழுவேன் என்றார். அதிலிருந்து இடையிசை வந்தாலே யசோதாவின் கை சீட்டைத் தேடும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

இன்றும் திறந்துகொண்டது. கையில் சீட்டு இல்லை. எதிரே ஒருத்தி மட்டும் வேர்க்க வேர்க்க ஆடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவர், லிங்கராஜபுரம் ரக்ஷா, ரக்ஷா, ரக்ஷா!"

ரக்ஷாவின் கால் அரை நொடி தடுமாறியது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் ஆடினாள்.

பாட்டு முடிந்தபோது மணி நாலு ஐம்பது. மஞ்சுநாத் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினான். "சூப்பர் மேடம்! ஒரே டேக்! நடுவுல பேசினதை மட்டும் கட் பண்ணிடறேன், ரெண்டு நிமிஷம்."

"அதுல கையை வெச்சே, பாட்டு கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள் யசோதா.

ஸ்ரீஹர்ஷா தலையைச் சொறிந்தான். "மேடம், டிராக் சிங்கர் பேரைப் பாட்டுக்குள்ள யாரும் சொல்றதில்ல."

"மைக்ல சொன்ன பேரைத் திரும்ப வாங்கற வழக்கம் எனக்கில்லப்பா. உன் கிளிக்குக்கு நான் பாடல, இவ காலுக்குப் பாடினேன். பேரு இருந்தா பாட்டு இருக்கும். இல்லன்னா நாளைக்கு வீடியோல நீயே பாவாடை கட்டிக்கினு ஆடு."

மஞ்சுநாத் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஸ்ரீஹர்ஷா அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டான். இன்னொரு தடவையும் கேட்டான். "இருக்கட்டும்" என்றான்.

ரக்ஷா போனை எடுத்தாள். அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள் போலிருக்கிறது, அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னடி ஆச்சு? உன் வாய்ஸ் வருதா?"

"வாய்ஸ் வரலம்மா" என்றாள் ரக்ஷா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேரு வருது. பாட்டுக்குள்ளயே. ஊரோட சேர்த்து மூணு தடவை."

"யாருடி சொன்னது?"

யசோதா போனை வாங்கினாள். "நான்தாம்மா, டிஸ்கோ யசோதா பேசறேன். உன் பொண்ணு இன்னிக்குத் தன் பாட்டை எனக்குக் குடுத்துட்டா. குடுக்கறோம்னு தெரிஞ்சேதான் குடுத்தா."

 

"யக்கா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "தொண்ணூத்தொண்ணுல எங்க லிங்கராஜபுரத்துல கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்குப் பாட வந்தீங்களே. நான் ஒன்பதாங்கிளாஸ். உங்களுக்குச் சீட்டு அனுப்பினேன். கடைசி வரைக்கும் நின்னேன். நீங்க என் பேரைப் படிக்கவே இல்ல."

 எத்தனை சீட்டுகள் மேளத்துக்கு அடியில் விழுந்து காணாமல் போயினவோ, யாருக்குத் தெரியும்! எல்லோருமா மேடையேறிச் சப்பணம் போட்டு உட்காருவார்கள்? இவள் முப்பத்து நாலு வருஷமாக நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"உன் பேரு என்னம்மா?"

"வீணா."

யசோதா ரக்ஷாவையும் கண்ணாடிக்கு உள்ளே அழைத்துப்போய்ப் போனை அவளிடம் கொடுத்து, மைக் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மஞ்சுநாத், ரெண்டாவது இடையிசை சும்மாதானே கெடக்கு? ஓட்டுப்பா."

மணி நாலு ஐம்பத்தேழு.  தாளம் கிளம்பியது.

"இந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவர்" என்றாள் யசோதா.  "லிங்கராஜபுரம் வீணா, வீணா, வீணா!"

போனுக்குள்ளிருந்து, வாயில் இரண்டு விரல் வைத்து அடிக்கிற நீளமான விசில் ஒன்று வந்தது. அதையும் அழிக்க வேண்டாம் என்று யசோதா சொல்லிவிட்டாள்.