கான் திரும்பிய வழி

மேட்டில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போட்ட பிறகுதான் குளம் கெட்டது. வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் குடிப்பதும் சமைப்பதும் குளத்துத் தண்ணீரில்தான். குழாய் வழியாக அது லயத்துப் பீலியில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், வந்து விழும். மழை பெய்தால் மேட்டில் குவித்திருந்த கோழி எருவும், உரமும், பூச்சிமருந்தும் செம்மண்ணோடு கரைந்து பெரிய கான் என்ற வடிகாலில் ஓடி நேரே குளத்தில் இறங்கின. கரையோரம் பாசி தடித்தது. தண்ணீரை வடிகட்டினாலும் நாற்றம் போகவில்லை.

மேல் லயத்துப் பூரணியின் மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய பிள்ளை முதலில் கேட்டது தண்ணீர். பூரணி அதே பீலித் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ச் சொன்னாள். "அந்த நெலம் குத்தகைக்குப் போயிருச்சு. அவங்ககிட்ட பேசுறேன்," என்றார் அவர். பேசினாரோ இல்லையோ, அடுத்த மழைக்கும் குளம் சிவந்தது.

பூரணி சாக்குகளில் மண் நிரப்பத் தொடங்கினாள்.

"கான அடைச்சா தண்ணி எங்க போகும்?" என்று கேட்டான் அவள் புருஷன் கஜேந்திரன்.

"பழைய கான் இருக்குல்ல. பணிய லயத்துக்குப் பின்னால ஓடி ஆத்துல விழுந்துரும்."

"அது மண்ணு மூடிக் கெடக்கு."

"வாயை மட்டும் இப்ப வெட்டி விடுவோம். மிச்சத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

அவனும் மண்வெட்டியை எடுத்தான். மகளின் முகம் அவன் கண்ணிலும்தான் நின்றது. லயத்து ஆட்கள் சிலரும் கைகொடுத்தார்கள். பெரிய கானை மூட்டைகளால் அடைத்து, பழைய கானின் வாயை வெட்டிவிட்டார்கள். கீழே இருந்த பணிய லயத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்த தூறல்களில் குளம் கலங்கவில்லை. பீலியில் நின்ற பெண்கள் பூரணியை வாயாரப் புகழ்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பெருமழை வந்துவிட்டது. பகல் கொழுந்து பறிப்பதை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மலையிலிருந்து இறங்கும்போதே பூரணி பார்த்தாள். மேட்டுத் தண்ணீர் முழுவதும் பழைய கானுக்குள் பாய்ந்து, மண் மூடிய இடத்தில் முட்டி நின்று, பணிய லயத்துப் பின்கரையைக் கரைத்துக்கொண்டிருந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவு கதவாகத் தட்டி, "வெளிய வாங்க, கரை சரியுது," என்று கத்தினாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

கடைசி வீட்டில் இராமையா இருந்தார். வாதத்தில் கால் விழுந்து பாயில் கிடப்பவர். அவருடைய மகள் நிலக்ஷி இன்னும் மலையிலிருந்து வந்து சேரவில்லை. பூரணி வாசலை எட்டுவதற்குள் கரை பின்சுவரோடு உள்ளே விழுந்தது. அந்திக்குள் மண்ணைத் தோண்டி அவரை எடுத்தார்கள்.

எழவு வீட்டில் பூரணி நிலக்ஷியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கான அடைச்சது நாந்தான்," என்றாள்.

 "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் நிலக்ஷி. "பழைய கான நாங்களே வெட்டியிருப்போமே. அப்பாவ வேற வீட்டுல படுக்க வச்சிருப்பேனே."

பூரணிக்கு அழுகை வரவில்லை.

மறுநாளே தோட்டத்தில் ஆள் போட்டு மூட்டைகளை அகற்றினார்கள். பெரிய கான் மறுபடி குளத்துக்கே ஓடியது. மேட்டிலிருந்த எருக்குவியலைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வீடு போனவர்களை மேல் லயத்தை ஒட்டியிருந்த பழைய பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கட்டடத்தில், தங்க வைத்தார்கள். நிலக்ஷியும் அங்கேதான் வந்தாள்.

ஒரு காலை அவள் குடத்தோடு பீலிக்கு வந்தாள். பெண்கள் பேச்சை நிறுத்தி விலகி நின்றார்கள். தண்ணீர் பழுப்பாக விழுந்தது.

"நல்லா கொதிக்க வச்சுக் குடி தங்கச்சி," என்றாள் பூரணி.

"கொதிக்க வச்சா பூச்சிமருந்து போயிருமாக்கா?"

நிலக்ஷி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பூரணி தன் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தாள்.