மங்கலத்தின் கணவன் திரும்பி வந்த வாரம்

1

இந்தக் கதை என்னுடைய தவறு ஒன்றிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்த 2008 மே மாதம், காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்யாணம் முடிந்து சிதம்பரம் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வீராணம் ஏரி வெள்ளித் தகடுபோல…

(வேண்டாம். நெரிசலில் ஏரியே தெரியவில்லை. தெரிந்தது பக்கத்து சீட்டுப் பெண்ணின் கைடு மட்டும்.)

பெயர் இளமதி. அரிசி மில்லில் வேலை. அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ். அன்று பிற்பகல் இலக்கியக் கொள்கைத் தாள், மூன்றாவது முறை. தேறினால் பி.எட். சேரலாம். தேறாவிட்டால் மில்தான்.

"யதார்த்தவாதத்துக்கு உதாரணம் கேப்பாங்க சார். கைடுல இருக்கறது மண்டையில ஏற மாட்டேங்குது."

நான் தொடர்கதை எழுதுபவன் என்று சொல்லிக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"அய்யோ, மங்கலம் கதை நீங்களா? மில்லுல பத்து பேரு ஒரே புக்கைப் படிக்கிறோம். ஓடிப்போன புருஷன் வருவானா சார்?"

"வரமாட்டான். மங்கலம் வேலைக்குப் போயிடுவா. அதான் யதார்த்தம். அதையே எழுதும்மா."

செல் நம்பரும் கொடுத்தேன்.

2

எழுதிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "புருஷனைக் கொண்டாந்துடுங்க. லெட்டரா குவியுது."

கொண்டுவந்தேன். ரயில் நிலையம், கொட்டும் மழை, அவன் கையில் மல்லிகைப்பூ.

அந்த வாரப் பத்திரிகை கடைக்கு வந்த அன்றே இளமதியின் போன்.

"என்னா சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க? பேப்பர் திருத்துறவரு இதைப் படிச்சாருன்னா, நான் கதை வுட்டேன்னுல்ல நெனைப்பாரு?"

"அது வந்தும்மா…"

"கதையில போன வாரம் கத்திரி வெயிலு, இந்த வாரம் மழையா சார்?"

3

இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. "மத்ததெல்லாம் சேத்து முப்பத்திரண்டு தேறும் சார். முப்பத்தஞ்சு வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் தேறுவதாக ஒரு முடிவு எழுதினேன். மறுபடி அதே ரயில் நிலையம், அதே மழை. தேறாததாக இன்னொன்று… கை ஓடவில்லை. ரிசல்ட் வெள்ளிக்கிழமை. இந்தக் கதை செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஆகவே, பரீட்சையில் எழுதியதாக அவள் போனில் ஒப்பித்ததை அப்படியே தருகிறேன்:

'நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை எழுதுவது கற்பனாவாதம். நடப்பதை எழுதுவது யதார்த்தவாதம். மங்கலத்தின் கணவன் வரவில்லை. எங்கள் மில்லில் விருத்தாம்பாள் அக்காவின் கணவர் விட்டுப் போய் ஏழு வருடம், அவரும் வரவில்லை. அக்கா இன்றும் இரண்டு பேருக்குச் சோறு வடிக்கிறார். வடிப்பது கற்பனாவாதம். மிஞ்சியதில் இரவே தண்ணீர் ஊற்றி மறுநாள் மில்லுக்கு எடுத்து வருவது யதார்த்தவாதம்.'

பத்து மதிப்பெண் கேள்வி. அவளுக்கு மூன்று போதும்.

என் பேனா நீலம். சிவப்புப் பேனா உங்களிடம் இருக்கிறது.