இரவுப் பணியின் விலை

பொருளாதார முதுகலை மாலை வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. கூட்டிய கணக்கைக் கழித்தும் பார்ப்பவன். பகலில் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ. அப்படிப்பட்டவனுக்கு, ஆய்வில் எல்லாம் சரியாக வந்துவிட்டதுதான் உறுத்தியது.

ஆய்வுக் கேள்வி எளிது: இரவுப் பணி வேண்டாம் என்பதற்காக ஒரு நர்ஸ் சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பாள்? அண்ணியே நர்ஸ். அவளுடைய மருத்துவமனையில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டான். கிட்டத்தட்ட எல்லோரும் பத்தில் ஒரு பங்கு என்றார்கள். அவன் எதிர்பார்த்ததும் அதேதான்.

"பிசிறே இல்லையேப்பா! நாளைக்கு வாய்மொழித் தேர்வுல ஜமாய்ச்சிடுவ," என்றார் வழிகாட்டி மேடம். இந்த வருடமே பட்டம் கையில்.

அன்று மாலை நன்றி சொல்ல, பிஸ்கட் பெட்டியோடு மருத்துவமனை கேண்டீனுக்குப் போனான். மூத்த நர்ஸ் ஒருத்தி அவனை ஓரமாக இழுத்தாள்.

"தம்பி, நான் சரியாத்தானே சொன்னேன்? பத்துல ஒண்ணு?"

"இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லக்கா."

"இல்லாம என்ன? உங்க அண்ணி படிச்சுப் படிச்சு சொன்னாளே! மறந்துடுவேன்னு உள்ளங்கையில வேற எழுதி வச்சிருந்தேன்."

"நான் பாதின்னு உளறிட்டு அப்புறம் மாத்திச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

இருந்தது. 'நன்கு யோசித்து விடையளித்தவர்' என்று அவளைப் பற்றிக் குறித்திருந்தான்.

வீட்டில் அண்ணி இரவுப் பணிக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எல்லார்கிட்டயும் சொல்லி வச்சீங்களா?"

"பின்ன? பத்துல ஒண்ணுதான் வரணும்னு சாப்பிடும்போதெல்லாம் நீதானே புலம்பின. நம்ம வீட்டுப் புள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

அவள் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்தபின் அவனுக்குக் கோபம் வரவில்லை. விடையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டவன் அவன்தானே.

"சரி, நெஜமாச் சொல்லுங்க. நீங்க எவ்வளவு விட்டுக்கொடுப்பீங்க?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "நானா? ஒரு பைசா மாட்டேன். நைட் டியூட்டிய எடுத்தாங்கன்னா நான்தான் காசு கேப்பேன்." குரலைத் தாழ்த்தினாள். "வார்டு அடங்கினதும் ஜன்னலோரம் உக்காந்து ஒரு டீ குடிப்பேன். அம்மா, அண்ணி, இங்க வான்னு ஒரு குரல் கிடையாது. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதடா."

இரவுப் பணியை விரும்புகிறவர்களும் இருப்பார்கள் என்று, தன் கணக்கில் விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்க அவன் இடமே வைத்திருக்கவில்லை. இப்படி இன்னும் எத்தனை பேர் உள்ளங்கையைப் பார்த்து விடை சொன்னார்களோ!

மாடிப்படியில் உட்கார்ந்து மேடத்துக்குப் போன் செய்தான். நடந்ததைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அப்போ நாளைக்கு வராத. திரும்பவும் மொதல்லேந்து கேளு. பட்டம் அடுத்த வருஷம்தான், பரவாயில்லையா?"

"பரவாயில்ல மேடம்," என்றான்.

உள்ளே வந்தபோது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"ஐயோ, என்னாலதானா? இந்தத் தடவ யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். உனக்கு என்ன விடை வரணும்னு மட்டும் சொல்லு."

"தெரியாது அண்ணி. தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்றதா இல்ல," என்று அவளுடைய சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தான்.