சட்டத்தில் மாட்டிய தேக்சா

பரீத் பாய்க்கு அறுபது வயதில் முதல் விமானப் பயணம். மதுரை தெற்குவாசல் பக்கம் முப்பது வருஷமாகக் கல்யாணங்களுக்கு பிரியாணி ஆக்குகிறவர். பெங்களூரில் இருக்கும் மகள் ஷாஹீதா, "பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு நீங்கதான் ஆக்கணும் அத்தா" என்று சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். புதுசாக வந்த மலிவு விலை விமானம். டிக்கெட் காசுக்கு ஏறலாம், உட்காரலாம், இறங்கலாம். சன்னல் சீட்டு, தண்ணீர், ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கைக்குட்டை, எல்லாவற்றுக்கும் தனிக்காசு.

பாய் ஒரே சாமானைத்தான் எடுத்தார்: பிரியாணி ஆக்கும் தன் அலுமினிய தேக்சா. அடுத்தவன் பாத்திரத்தில் தம் போட்டால் சோறு குழையும் என்பது அவர் கட்சி. சட்டை, கைலி, மசாலாப் பொட்டலம் எல்லாம் அதற்குள்ளேயே போயின. தராசில் ஆறே முக்கால் கிலோ.

விமானத்துக்குப் போகும் வாசலில் ரம்யாஸ்ரீ என்ற பெண் வழிமறித்தாள். பக்கத்தில் கைச்சாமானின் அளவு பார்க்கிற ஓர் இரும்புச் சட்டம். "இதுக்குள்ள போகணும் சார். போகலேன்னா ரெண்டாயிரம்."

பாய் தேக்சாவைச் சட்டத்தில் வைத்து முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினார். போய்விட்டது.

"சரி, எடுத்துக்கிட்டுப் போங்க."

வரவில்லை. வரிசையில் நின்ற எழுமலைக்காரர் ஜெயபாண்டியும் சேர்ந்து இழுத்தார். சட்டமும் கூடவே வந்தது.

"வெளிய வரலேன்னா சைஸ் கூடன்னு அர்த்தம் சார். பணம் கட்டுங்க."

"உள்ள போகணும்னுதானம்மா எழுதியிருக்கு? திரும்பி வரணும்னு ஒரு வரி காட்டு, கட்டுறேன்."

அவள் சட்டத்தின்மேல் மாட்டியிருந்த விதிப் பலகையை இரண்டு தரம் வாசித்தாள். அந்த வரி இல்லை. வரிசை சிரித்தது. கையிலிருந்த வாக்கிடாக்கியில் மேலாளர், இருக்கிறது ஒரே சட்டம், அதை உடைத்துவிடாதே என்று கத்திக்கொண்டிருந்தார்.

பாய்க்கு வழி தெரியாமல் இல்லை. ஆனாலும் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "காசு வேணாம்னு எழுதிக் குடு. உன் சட்டத்தை நான் மீட்டுத் தாரேன்."

சாரெல்லாம் போய் மதுரைப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. "அண்ணே, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க." எழுதிக் கொடுத்தாள். எழுதி முடிப்பதற்குள் அவள் வாக்கிடாக்கியை இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததும் பாய்க்குச் சுருக்கென்றது. இம்புட்டு நேரம் அலையவிட்டிருக்க வேண்டாம்.

ஜெயபாண்டியிடம் ஜூஸ் கடையில் ஐஸ், டீக்கடையில் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். துணிமணியை எடுத்துவிட்டு தேக்சாவுக்குள் ஐஸைக் கொட்டினார். சட்டத்தின் கம்பிகள்மேல் வெந்நீரை ஊற்றினார். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய டம்ளரைப் பிரிக்கிற அதே வித்தை. ஐந்து நிமிஷம் பொறுத்து ஒரு தட்டு. 'டங்'கென்று வெளியே வந்தது.

"திரும்பி வாரப்ப உனக்கு ஒரு டப்பா பிரியாணி கொண்டாரேம்மா."

"ஏழு கிலோவுக்குள்ள இருக்கட்டும்ணே," என்றாள் தரையைத் துடைத்துக்கொண்டே.

உள்ளே இன்னொரு தொல்லை. தலைக்கு மேலிருந்த பெட்டியில் தேக்சா நுழையவில்லை, சீட்டுக்கு அடியிலும் நுழையவில்லை. விமானம் ஏற்கெனவே இருபது நிமிஷம் தாமதம். பணிப்பெண் பெருமூச்சு விட்டு, அவர் வரிசையில் காலியாக இருந்த சன்னல் சீட்டில் அதை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

பாய்க்கு நடு சீட்டுதான். விமானம் எழும்பியதும் ஊரைப் பார்க்க ஆசையாக எட்டினார். தேக்சாவின் வயிறு பாதிச் சன்னலை மறைத்தது. மீதிப் பாதியில் வைகை ஒரு கோடாகத் தெரிந்தது.