விண்டோஸ் 95-இல் அளந்தது, 1988

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். அவர் வேலை பார்த்த, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் கணினி நிரல். அதில் ஒரு குறிப்பு: 'விண்டோஸ் 95-இல் இந்த இடைவெளி அரை நொடி. அளந்தது: பார்வதம், 14.3.88.' எண்பத்தெட்டில் ஏதய்யா விண்டோஸ் 95?

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்த அடைப்புக்குறியை நினைவில் வையுங்கள்.)

2

முதல் தொடக்கம்: அயனம்பாக்கம் ஏரிமேல் காலை வெயில் மெல்ல…

சீ. ஏரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: 1996. தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு எட்டு வருடம் முன்பு நிரல் எழுதிய பார்வதம், அதே நிரலின் முன் உட்கார்ந்திருந்தாள். ஆபரேட்டர் தகட்டை வைத்துக் கையை எடுக்க அரை நொடி வேண்டும். அதற்காகக் கணினி சும்மா எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடித்ததும் பிரஸ் இறங்கும். பழைய டாஸ் கணினி மெதுவாக எண்ணும். திங்கட்கிழமை மாட்டப்போகும் புதிய விண்டோஸ் 95 கணினி கண் இமைப்பதற்குள் எண்ணிவிடும். குறிப்பில் 'டாஸ்' என்றிருந்தால், மாட்டுகிறவர் மறுபடி அளந்து பார்ப்பார். 'விண்டோஸ் 95' என்றிருந்தால், ஏற்கெனவே அளந்தாயிற்று என்று நம்பி விட்டுவிடுவார்.

மேனேஜர் வேதமுத்து வந்து நின்றார். "நாளைக்கு ஆடிட். குறிப்புல டாஸ்னு இருக்கிற இடமெல்லாம் விண்டோஸ் 95னு மாத்திடுங்க. பழைய பேரு ஒண்ணுகூட கண்ல படக்கூடாது."

"சார், இந்த ஒரு இடத்துல மட்டும் அளந்துட்டுதான் மாத்தணும். ஒருநாள் குடுங்க."

"பேரை மாத்த எதுக்கும்மா ஒருநாள்? டைப் அடிக்கிற வேலைதானே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். (வேதமுத்துவும் பாவம் என்று காட்ட, அவர் மகளுக்குக் காய்ச்சல் வரவழைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அந்தச் சலுகையெல்லாம் அவருக்கு எதற்கு?)

3

பிரஸ் ஆபரேட்டர் துலுக்கானம் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், புது கம்ப்யூட்டரு வருதாமே? செம ஸ்பீடாம்?"

"ஆமாண்ணே."

"நல்லதாப் போச்சு. பழசு தூங்கிக்கினே கீது."

அவள் திரைப் பக்கம் திரும்பி அடுத்த 'டாஸ்' எங்கே என்று தேடினாள்.

4

நாற்பத்தாறு இடங்கள் மாற்றியாயிற்று. நாற்பத்தேழாவது, அந்த அரை நொடிக் குறிப்பு. கணினி கேட்கிறது: மாற்றவா? ஆம், இல்லை.

ஒரு முடிவு: அவள் 'இல்லை' என்கிறாள். வேதமுத்து அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்காருகிறார்.

இன்னொன்று: தன் பெயரை மட்டும் அழித்துவிடுகிறாள். (தாளில் பெயர் இருந்ததே. இது செல்லாது.)

மூன்றாவது: அவளே 'ஆம்' என்கிறாள். திங்கட்கிழமை காலை துலுக்கானம் தகட்டை வைத்து

முடிக்க மாட்டேன்.

5

அந்த அடைப்புக்குறி. என்னிடம் தாளைக் காட்டியவரைத்தான் துலுக்கானம் என்று மாற்றியிருக்கிறேன். இடது கையால் நீட்டினார். வலது கை சட்டைப் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. அன்று 'ஆம்' என்ற பொத்தானை யார் அழுத்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வேதமுத்துவைத் திட்டிவிட்டு நானும் பெயரை மாற்றும் வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

கேள்வி திரையில் அப்படியே நிற்கிறது. உங்களுக்குப் பத்து விரலும் இருக்கிறதல்லவா? ஏதாவது ஒன்றால் அழுத்துங்கள்.