ஐந்து பிளாப்பியும் ஒரு பிளாப்பியும்

மெட்ராஸ் ஆபீஸிலிருந்து வந்த கேசவன் தான் கொண்டுவந்த ஐந்து பிளாப்பிகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் எண் போட்டிருந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தன் பேனாவை அதன்மேல் கிடத்தினார். பேனாவின் மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்ததை, சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பரீதா கவனித்தாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அர்த்தம். மனுஷர் மெட்ராஸில் பஸ் ஏறும்போதே முடிவுசெய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"படிச்சுப் பாத்துட்டு கீழ சைன் பண்ணுங்க. அவசரமில்ல, அஞ்சரை பஸ்சுக்குத்தான் கிளம்புறேன்" என்றார்.

தாளில் இங்கிலீஷில் நான்கு வரி. பழவேற்காடு மீனவர் சங்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரும், அதில் புரோகிராம் எழுதப் பயன்படும் எடிட்டரும் இந்த வேலைக்குப் போதாதவை. ஆகவே புரோகிராம் எழுதும் வேலை முழுவதையும் பொன்னேரி மையத்துக்கு மாற்றப் பயன்படுத்துகிறவளாகிய நான் சம்மதிக்கிறேன். கம்ப்யூட்டரைத் தானமாகக் கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு பரீதாவின் வாயாலேயே இதைச் சொல்லியாக வேண்டுமாம். பொன்னேரியில் ஏசி அறை, ஜெனரேட்டர், ஹார்ட் டிஸ்க் வைத்த புது மிஷின் எல்லாம் வந்துவிட்டன. அங்கே இரண்டு என்ஜினியர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். பரீதா இங்கேயே இருந்து படிவங்களை நிரப்பி வாரம் ஒரு தடவை அனுப்பினால் போதும். சம்பளத்தில் ஒரு காசு குறையாது என்று கேசவன் இரண்டு தடவை சொன்னார். ஆனால் அவள் எழுதும் வேலை போய்விடும். மண்ணடியில் சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டு, ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு நடையாய் நடந்தது படிவம் நிரப்புவதற்கா?

அந்த ஐந்து பிளாப்பியில் இருந்தது பொன்னேரியில் புரோகிராம் எழுதப் போகிற பெரிய பேக்கேஜ்; அது மட்டமான சரக்கு என்று அவள் எந்நாளும் சொன்னதில்லை. மெட்ராஸில் அதில்தான் கற்றுக்கொண்டாள். நீலத் திரை, மேலே பட்டியல்கள். எழுதுவது, திருத்துவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஒரே இடத்தில். தப்பு செய்தால் இந்த வரியில்தான் தப்பு என்று விரல் வைத்துக் காட்டும். ராஜபோகம்தான். ஆனால் ராஜபோகத்துக்குக் கரண்ட் வேண்டும். பழவேற்காட்டில் எண்பத்தெட்டாம் வருஷத்துக் கரண்ட் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல, வருவதற்கும் போவதற்கும் காரணம் சொல்லாது. ஹார்ட் டிஸ்க் இல்லாத இந்த மிஷினில் பெரிய பேக்கேஜை ஏற்ற வேண்டுமானால் ஒன்றாம் பிளாப்பியைப் போட்டு, அது கறகறவென்று படித்து முடித்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் ஒன்று. அதனால் அவள் ஒரு சின்ன எடிட்டருக்கு மாறினாள். கறுப்புத் திரை, அதில் எழுத்து மட்டும்தான். எடிட்டர், எழுதியதை மிஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலர், அவள் எழுதிய புரோகிராம் மூன்றும் ஒரே பிளாப்பிக்குள் அடக்கம். கரண்ட் வந்த ஒரு நிமிஷத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அவள் எழுதிய புரோகிராம் பாடு முறைக்கானது. தோணிரேவு குப்பத்துக்காரர்கள் ஏரியில் ஆறு இடங்களில் வலை கட்டுவார்கள். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்தப் பாடு என்பது முறை வைத்துச் சுற்றிவரும். போன வருஷம் யாரோ பட்டியலில் பேனாவால் ஒரு பெயரை அடித்து வேறு பெயரை எழுதிவிட, வலைகள் அறுந்தன, இரண்டு பேருக்கு மண்டையில் தையல் விழுந்தது. அதன்பிறகு ஊர்க்கூட்டத்தில், மிஷினிலிருந்து அச்சாகி வரும் பட்டியல்தான் செல்லும், கையால் எழுதியது எதுவும் செல்லாது என்று கட்டு வைத்துவிட்டார்கள். மிஷினுக்குத் தமிழ் வராது என்பதால் வீட்டுக்கு ஒரு எண்.

"சார், இது நாளைக்குப் பாக்கலாமா?" என்று பரீதா ஆரம்பிக்கும்போதே வாசலில் ஆள் சத்தம் கேட்டது. சங்கத் தலைவர் திருவேங்கடம் வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார். அவர் பின்னால் பவுனம்மாள். புருஷன் செத்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. காலில் ஏரிச்சேறு காயாமல் இருந்தது.

"இன்னாம்மா பரீதா, இப்புடி பண்ணிட்ட? இன்னிக்கி பொழுது சாய மூணாம் பாடு இவுங்க ஊட்டு முறை. பட்டியல்ல நாப்பத்திரெண்டையே காணம். தாண்டி நாப்பத்திமூணுக்குப் போயிடிச்சி" என்றார் திருவேங்கடம்.

பரீதாவுக்குச் சுருக்கென்றது. எண்ணுக்குரிய ஆள் இறந்தால் அந்த எண்ணைத் தாண்டிப் போ என்று அவள்தான் எழுதியிருந்தாள். அன்றைக்குச் சங்கம் சொன்னது அப்படி. ஆனால் போன வாரம் ஊர் கூடி, பவுனம்மாளின் தம்பி தோணி ஏறட்டும், முறை அவள் பெயரிலேயே நிற்கட்டும் என்று தீர்த்துவிட்டது. அதை இவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கேசவன் முன்னால் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, உதவத்தான் நினைத்தார். "சிம்பிள். புரோகிராம்ல கை வைக்க வேணாம். நாப்பத்திரெண்டு உயிரோட இருக்கார்னு இன்னிக்கி ஒரு நாளைக்கு மாத்திப் போட்டுடுங்க. மிச்சத்தப் படிவத்துல எழுதி பொன்னேரிக்கு அனுப்பினா பதினஞ்சு நாள்ல சரி பண்ணித் தருவாங்க."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பவுனம்மாள் திரும்பினாள். "செத்தவர உசுரோட கீறாருன்னு எழுதுவியா நீ? கொள்ளி வெச்சிட்டு வந்து உக்காந்துங்கீறேன் நானு. எனுக்குன்னு ஒரு நெம்பர் குடு. அதுல வந்தா வலை கட்றேன். இல்லாங்காட்டி வேணாம்."

பரீதா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை. கரண்ட் இருந்தது.

"புரோகிராமத்தான் மாத்தணும் சார்" என்றாள் பரீதா.

"அப்ப பெரிய பேக்கேஜ்ல பண்ணுங்க. நானே ஏத்தித் தரேன். அதோட அருமை உங்களுக்கே புரியும்." கேசவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மூன்றாவது பாதியில் திரை அணைந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நான்காவதை உருவி ஐந்தாவதைச் செருகும்போது விசிறி முனகி நின்றது. திருவேங்கடம் மேல்துண்டால் விசிறிக்கொண்டே ஒவ்வொரு பிளாப்பியாக எண்ணிக்கொண்டிருந்தது கேசவனின் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் காது சிவந்திருந்தது.

ஐந்தேகாலுக்கு மறுபடி கரண்ட் வந்தபோது கேசவனின் கை ஒன்றாம் பிளாப்பிக்கு நீண்டது. பரீதா அதற்குமுன் தன் பிளாப்பியைச் செருகி டிரைவின் கதவை மூடிவிட்டாள். "எந்திரிங்க சார். இது என் சீட்டு" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் தாழ்த்திக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

கறுப்புத் திரையில் அவளுடைய வரிகள் ஓடிவந்து நின்றன. எந்த வரி எங்கே என்று அவளுக்குத் தெரியும். சமையலறையில் இருட்டிலும் உப்பு டப்பா கைக்கு வருமே, அந்த மாதிரி. ஆள் இறந்திருந்தால் அந்த வீட்டுக்கு வேறு எண் கொடுத்திருக்கிறதா என்று பார். இருந்தால் முறையை அதற்குக் கொடு. இல்லாவிட்டால் மட்டும் தாண்டு. பவுனம்மாளுக்கு நூற்றிப்பத்து என்று புது எண். சேமித்து, கம்பைல் செய்து, பிரின்டருக்கு அனுப்பினாள். அது கீச்கீச்சென்று கத்தி ஒரு தாளைத் தள்ளியது.

திருவேங்கடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றாம் பாடு நூற்றிப்பத்து. இரண்டாம் பாடு நூற்றிப்பத்து. ஆறு பாடும் நூற்றிப்பத்து.

"ஏரி முச்சூடும் எனுக்கா?" என்றாள் பவுனம்மாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"சிரிக்காத பவுனு, இத வெளிய காட்டினா என்னத் தோணியிலயே வெச்சிக் கட்டிப்புடுவானுங்க" என்றார் திருவேங்கடம்.

பரீதாவுக்கு முகம் கொதித்தது. வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தாள், கீழிருந்து மேலாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. சின்ன எடிட்டர் விரல் வைத்துக் காட்டாது. எழுதியதைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். தோளுக்குப் பின்னால் கேசவன் மூச்சு விடுவது கேட்டது. அவர் முதலிலேயே பார்த்துவிட்டார் போல; சொல்லலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறார்.

"அந்த ரெண்டு வரியையும் சேர்த்து பிகின், எண்ட்னு கட்டிப் போடல நீங்க. அதான் ரெண்டாவது வரி எல்லாப் பாடுக்கும் ஓடிடுச்சு" என்றார் கடைசியில். "பெரிய பேக்கேஜா இருந்தா ஒவ்வொரு வரியா நடத்திக் காட்டியிருக்கும். அஞ்சு செகண்டுல தெரிஞ்சிருக்கும்."

"ஆமா சார். தெரிஞ்சிருக்கும்" என்றாள். அது உண்மைதானே, மறுக்க என்ன இருக்கிறது. "ரொம்ப தாங்க்ஸ் சார். கரண்ட் இருக்குற ஊர்ல அதுதான் நல்லது. இங்க இதுதான்." இரண்டு சொற்களையும் சேர்த்தாள். கம்பைல் செய்தாள். திரையில் மூன்றாம் பாடு வரியில் மட்டும் நூற்றிப்பத்து நின்றது. மற்றவை அதனதன் இடத்தில்.

பிரின்டருக்கு அனுப்பினாள். பிரின்டர் கத்தவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. ஏரியை முழுதாகப் பவுனம்மாளுக்கு எழுதிக்கொடுத்த தாள்தான் காகிதக் கட்டில் கடைசித் தாள். அதன் பின்பக்கத்தில் அடிக்கலாம் என்றால், சிரித்த சிரிப்பில் பவுனம்மாள் அதைச் சேற்றுக் கையால் கசக்கி வைத்திருந்தாள். அலமாரியில் புதுக் கட்டு இல்லை. பொன்னேரிக்கு மாறப்போகிறதே என்று இரண்டு மாதமாக மெட்ராஸ் ஆபீஸ் காகிதம் அனுப்புவதையே நிறுத்தியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. விளக்கு ஒரு தடவை மங்கி மறுபடி பிரகாசமானது. இன்னும் எத்தனை நிமிஷம் என்று மின்சாரக்காரர்களுக்கே தெரியாது.

பரீதா மேசையைப் பார்த்தாள். பேனாவை எடுத்துக் கேசவன் கையில் கொடுத்தாள். அதன் கீழே இருந்த தாளை எடுத்தாள். நல்ல கனமான பாண்டு பேப்பர். முன்பக்கம் நான்கு வரி, பின்பக்கம் வெள்ளை. பின்பக்கம் மேலே வரும்படி உருளையில் செருகினாள்.

"அது ஒரே காப்பி" என்றார் கேசவன்.

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

பிரின்டர் கத்தத் தொடங்கியது. கேசவன் அதைப் பிடுங்கியிருக்கலாம், கை எட்டும் தூரம்தான். பேனாவின் மூடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசி வரி அடித்து முடிந்ததும் பரீதா தாளை உருவி, ஒரு தடவை சரிபார்த்துப் பவுனம்மாளிடம் நீட்டினாள். பவுனம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன் எண் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பினாள்.

"இந்தாண்ட இன்னாவோ இங்கிலீசுல எழுதிக்கீதே?"

"இந்தப் பொட்டி இங்க வேணாம்னு எழுதியிருக்கு அக்கா. அந்தப் பக்கத்த செவுத்தோட வெச்சி ஒட்டுங்க."

திருவேங்கடம் இருமினார். கேசவன் ஐந்து பிளாப்பிகளையும் ஒவ்வொன்றாக உறையில் போட்டு அடுக்கினார். "நான் ரிப்போர்ட்ல எழுத வேண்டியிருக்கும் பரீதா" என்றார். குரலில் கோபமா, வேறு எதுவுமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எழுதுங்க சார். எப்புடி நடந்துச்சோ அப்புடியே எழுதுங்க."

கரண்ட் போய்விட்டது. பரீதா வாசலுக்கு வந்து நின்றாள். ரிப்போர்ட்டை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது, அதற்காக அவள் வெட்கப்படவில்லை. பவுனம்மாள் தாளை நனையாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கித் தம்பி நின்ற தோணியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சாயும் வெயில் தாளை ஊடுருவியதில் இரண்டு பக்கத்து எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தன. சம்மதிக்கிறேன் என்று சொல்லும் நான்கு வரிகள் இடவலம் மாறி, யாருக்கும் படிக்க வராமல், ஆறு பாடுகளின் எண்களுக்கு அடியில் கிடந்தன.