கை தூக்கினால் குரைக்கிறவன்

பெயர் என்னவோ வீரன். ஆனால் அந்த நாயின் பயத்துக்கு அளவே இல்லை. அது தெரியாமல், தெருவிலிருந்து எடுத்து வந்த தையலக்காவே ரெண்டு மாசமாக அவனைத் திட்டித் தீர்த்தாள் என்பதுதான் கொடுமை.

வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. வருகிற பெண்களை வீரன் மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வான். அளவெடுக்க அவர்கள் கையைத் தூக்கினால் போதும், வீடே இடிகிற மாதிரி குரைப்பான். "சும்மா இருடா சனியனே" என்று இவள் கத்துவாள். இவளும் கூடச் சேர்ந்து குரைக்கிறாள் என்று நினைத்து அவன் இன்னும் கத்துவான். ஒருத்தி கழுத்தில் டேப்போடு தெருவுக்கு ஓடின கதையும் உண்டு.

"உடம்பெல்லாம் திமிர்," என்றார் லாரி ஓட்டுகிற கணவர். "என் சிநேகிதன் குடோன் காவலுக்கு நாய் கேட்டுட்டே இருக்கான். அடுத்த சனிக்கிழமை நர்சுங்க யூனிபார்முக்கு அளவு குடுக்க வராங்க. அன்னிக்கு இவன் வாயைத் திறந்தான்னா, அனுப்பிடுவேன்."

அன்று சாயங்காலம் பரணிலிருந்து துணிமூட்டையை எடுக்கத் தையலக்காவே கையைத் தூக்கினாள். வீரன் அவளைப் பார்த்தும் குரைத்தான். குரைத்துக்கொண்டே வாலைக் காலுக்கு நடுவில் செருகி, மெஷினுக்கு அடியில் பின்வாங்கினான். திமிர் பிடித்தவன் எங்கேயாவது பின்னால் போவானா? தெருவில் கிடந்தபோது எவனோ ஒரு பாவி கையை ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறான். அவள் கையை மெதுவாக இறக்கினாள்.

வண்டி பட்டறையில் நின்றதால் கணவர் வீட்டோடு இருந்தார். மறுநாளே தையலக்கா அவருக்கு ஒரு வேலை வைத்தாள். அறையின் அந்தக் கோடியில் நின்று கையை இடுப்பு வரைக்கும் தூக்க வேண்டும். தூக்கினதும், வீரன் குரைப்பதற்குள், இவள் ஒரு துண்டு அவித்த முட்டை போடுவாள். அவன் காது விறைத்தால் கை இறங்க வேண்டும், ஆளும் ஓரடி பின்னால் போக வேண்டும்.

"போலீஸ்ல மாட்டினவன் மாதிரி நிக்கிறேன். யாராச்சும் பாத்தா மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும். இன்னும் ரெண்டு விரக்கடை தூக்குங்க."

ஐந்தாம் நாள் அவர் கை தலைக்கு மேலே போயிற்று. வீரன் குரைக்காமல் முட்டைக்காக அவள் முகத்தைப் பார்த்தான். லாரிக்காரர் கையை இறக்க மறந்து சிரித்தார்.

சனிக்கிழமை முதல் ரெண்டு நர்சுக்கும் சத்தமே இல்லை. மூன்றாமவள் நல்ல உயரம். வந்த வேகத்தில் சடாரென்று ரெண்டு கையையும் தூக்கினாள். வீரன் குரைக்க ஆரம்பித்துவிட்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று தையலக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் எழுந்து வந்தார்.

"கையை மெதுவா இறக்கும்மா," என்றார் அந்த நர்சிடம். "திமிர் இல்ல, அவனுக்குப் பயம். அந்த ஜன்னல்கிட்டப் போய் நின்னு, கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கு." சொல்லிவிட்டு முட்டைத் தட்டோடு வீரன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குரைப்பு முனகலாயிற்று, பிறகு அதுவும் நின்றது.

சாயங்காலம் குடோன்காரர் போனில் கூப்பிட்டு நாய் எப்போது வரும் என்று கேட்டார்.

"வேற பாத்துக்கடா," என்றார் கணவர். "இவன் காவலுக்கு லாயக்கில்ல. இவனுக்குத்தான் நான் காவல் இருக்கணும்."